ஒரு சட்டி ரப்பிஷை எத்தனை முறை தூக்குகிறீர்கள்?

கேள்வி: ஐந்து மாடிப் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். உள்சுவர்களை இடித்து அறைகளை மாற்றுகிறோம். பழைய டைல்ஸ், பூச்சு எல்லாம் எடுக்கிறோம். பக்கத்திலேயே புதுச் சுவரும் எழும்புகிறது. ரப்பிஷ் அள்ளுவதற்கென்றே எட்டுப் பேர் இருந்தும் குவியல் குறையவில்லை. மூன்றாம் மாடியில் இடுப்பளவு கிடக்கிறது. இருப்பது ஒரே ஒரு சரக்கு லிஃப்ட். அதற்குக் கொத்தனார்களுக்கும் ரப்பிஷ் ஆட்களுக்கும் தினமும் தகராறு. டிப்பர் வந்தால் ஏற்றி முடிக்க அரை நாள் ஆகிறது. அள்ளி ஏற்றும் சின்ன இயந்திரமான மினி லோடர் வாங்கலாமா என்கிறார் முதலாளி. இன்னும் நாலு ஆள் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. எது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

வணக்கம் நண்பரே,

லோடரா, ஆளா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மூன்றாம் மாடி. இடுப்பளவு என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். குடியிருப்புத் தளங்களுக்கு ஆட்கள், சாமான்கள் என்று வந்துபோகும் பாரமாகப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்குப் போடுவார்கள். அலுவலகத் தளம் என்றால் கொஞ்சம் கூடுதல். உதிரியாகக் கிடக்கும் செங்கல், பூச்சுத் துண்டுகள் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 கிலோ வரும். அப்படியானால் 16 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினாலே, அது ஒரு சாண்கூட இல்லை, அந்த 200 கிலோ முடிந்துபோகிறது. இடுப்பளவு என்றால் குவியலின் நடுவில் சதுர மீட்டருக்கு 1,100 கிலோ உட்கார்ந்திருக்கிறது. தளத்தைக் கூடுதல் பலத்தோடுதான் போட்டிருப்பார்கள், ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்வார்கள். உங்களுடையதோ பழைய கட்டடம். அதில் சுவர்களை வேறு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தச் சுவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது இடித்த பிறகு தெரிய வேண்டிய விஷயமில்லை.

அதனால் நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த மாடியில் இடிப்பதை நிறுத்துங்கள். குவியலுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் யாரும் போகாதபடி தடுப்புக் கட்டுங்கள். குவியலை மேலிருந்து படிப்படியாக இறக்குங்கள். தளத்தின் அடிப்பக்கத்தைக் கட்டமைப்பு இன்ஜினியர் ஒருவர் பார்த்த பிறகுதான் மறுபடி சுத்தியல் எடுக்க வேண்டும். இனிமேல் எந்த மாடியிலும் கணுக்காலுக்கு மேல் குவியல் கூடாது. சுவரோரமாகச் சாய்த்துக் குவிப்பதும் கூடாது. பாதி இடித்த சுவரை அது பக்கவாட்டில் தள்ளும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு துண்டு டைல்ஸைப் பின்தொடருங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வேலையில், குளியலறைச் சுவரிலிருந்து பெயர்த்த நீல நிற டைல்ஸ் துண்டு ஒன்றைக் குறிவைத்து நான் அன்று முழுக்கச் சுற்றினேன். உளி பட்டதும் அது தரையில் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒருவர் மண்வெட்டியால் இழுத்து வாசலோரம் சேர்த்தார். மத்தியானம் ஒரு சித்தாள் அதைச் சட்டியில் அள்ளி நடைபாதையில் கொட்டினார், லிஃப்ட் கிடைக்கவில்லை என்று. மாலையில் இன்னொருவர் அங்கிருந்து அள்ளித் தள்ளுவண்டியில் போட்டார். வண்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை, கைப்பிடி இடித்தது. அதனால் லிஃப்ட் வாசலில் கொட்டி, மறுபடி சட்டியில் அள்ளி உள்ளே வைத்தார்கள். கீழே வந்ததும் ஒரு மூலையில் கொட்டினார்கள். மறுநாள் டிப்பர் வந்தபோது அங்கிருந்து அள்ளி மேலே எறிந்தார்கள். என் நோட்டில் ஐந்து முறை தரையைத் தொட்டதாகவும், மண்வெட்டியால் இழுத்ததையும் சேர்த்து ஐந்து முறை அள்ளியதாகவும் எழுதியிருந்தேன். வேலை செய்த ஒவ்வொருவரும் வியர்க்க வியர்க்கத்தான் செய்தார்கள். யாரும் சும்மா நிற்கவில்லை.

உங்கள் சைட்டிலும் இதுதான் நடக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். ஒரு சுவரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், இருபுறப் பூச்சோடு 14 சென்டிமீட்டர் கனம். நிற்கும்போது அது 1.7 கன மீட்டருக்கும் குறைவு. இடித்ததும் இடுக்குகளில் காற்று புகுந்து ஒன்றரை மடங்கு ஆகிவிடும், ஏறக்குறைய 2.5 கன மீட்டர். எடை 3 டன்னுக்கு மேல். ஒரு சட்டியில் 15 கிலோ என்றால் 210 சட்டிக்கு மேல் வரும். ஒருமுறை தரையில் கொட்டி மறுபடி அள்ளினால் இன்னொரு 210 முறை குனிய வேண்டும். ஐந்து முறை அள்ளினால் ஒரே ஒரு சுவருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் முதுகு வளைகிறது. இதில் நாலு ஆளைச் சேர்த்தால் குனிபவர்கள் கூடுவார்கள். லிஃப்ட் வாசலில் நெரிசலும் கூடும். குனிய வேண்டிய தடவை ஒன்றுகூடக் குறையாது.

பிராங்க் கில்பிரெத் என்று ஒரு அமெரிக்கர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொத்து வேலை பழகப் போனவர், கொத்தனார்களின் கையசைவுகளையே எண்ணத் தொடங்கிவிட்டார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார். அதற்கு அவர் செய்த பெரிய மாற்றம், செங்கல்லைக் காலடியில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைக்கும் சாரம். ஆள் அதே ஆள், கரண்டியும் அதே கரண்டி, குனிவது மட்டும் போனது. செங்கல்லை வைப்பதற்குச் சொன்னது அதை எடுப்பதற்கும் பொருந்தும். ஆனால் இடிக்கிற வேலைக்கு இவ்வளவு யோசனை செய்ய யாருக்கும் மனசு வருவதில்லை.

ஆகவே உங்கள் குறி இதுதான்: ரப்பிஷ் தரையைத் தொடுவது ஒரு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. முடிந்தால் அந்த ஒரு முறையும் வேண்டாம்.

அதற்குத் தொட்டி சுத்தியலைத் தேடிப் போக வேண்டும். சக்கரம் வைத்த தொட்டிகளைச் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் கடைக்கு அளவு கொடுக்கும் முன் இரண்டு இடங்களை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: லிஃப்டின் உள்ளகலம், மாடியில் இருப்பதிலேயே குறுகலான வாசல். தொட்டி இரண்டிலும் கை இடிக்காமல் நுழைய வேண்டும். கொள்ளளவு 200 லிட்டருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். நிரம்பினால் அதுவே கால் டன் வரும், அதைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கப் பலகை கீழ்நோக்கித் திறக்கிற மாதிரி இருந்தால் கொட்டுவது எளிது. டைல்ஸ் பெயர்க்கும் இடத்தில் சுவரோடு ஒட்டித் தொட்டியை நிறுத்தி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் சாய்வாக ஒரு பலகை. உளி பட்ட துண்டு பலகையில் விழுந்து சறுக்கித் தொட்டிக்குள் போகும். எல்லாம் போகாது, பாதி போகும். அந்தப் பாதிக்கு அள்ளும் வேலை முழுக்க மிச்சம்.

சுவர் இடிக்கும்போது இது நடக்காது என்பீர்கள். உண்மைதான், சுவர் விழத்தான் செய்யும். அங்கே மேலிருந்து வரிசை வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடியில் அடித்து மொத்தமாகச் சாய்ப்பது வேகம் மாதிரி தெரியும். பிறகு பெரிய பாளங்களை மறுபடி உடைக்க வேண்டும், தளத்துக்கும் அந்த அடி நல்லதில்லை, ஆளுக்கு அதைவிட ஆபத்து. சுவரடியில் கெட்டியான விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டால் தூள் தரைக் குழிகளில் புகாது, மண்வெட்டி தட்டாமல் ஓடும்.

அப்புறம் பாதை. ரப்பிஷ் மேலேயே வண்டி தள்ளுவது போன்ற வீண் வேலை வேறு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மன் நகரங்கள் இடிபாட்டு மேடுகளாகக் கிடந்தபோது, அள்ளுவதற்கு முன் பல இடங்களில் தெருவிலேயே குறுகிய தண்டவாளம் போட்டுச் சிறு வண்டிகளை ஓட விட்டார்கள். சக்கரத்துக்கு வழி கிடைத்தால்தான் மற்றதெல்லாம். நீங்கள் தண்டவாளம் போட வேண்டாம். வேலை நடக்கும் அறையிலிருந்து லிஃப்ட் வரை ஒரு மீட்டர் அகலத்துக்குப் பிளைவுட் பலகை போட்டு, அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். வாசற்படிகளில் மரச் சாய்வு வைத்து ஆணி அடித்துவிடுங்கள். ஒரு நாளில் முடிகிற வேலை. வண்டி தள்ளுபவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

லிஃப்ட் தகராறுக்கு வருவோம். கொத்தனார்களுக்குச் சரக்கு மேலே போகிறது, லிஃப்ட் காலியாக இறங்குகிறது. ரப்பிஷ் கீழே வருகிறது, லிஃப்ட் காலியாக ஏறுகிறது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி ட்ரிப்பை வீணடித்துவிட்டு, லிஃப்ட் போதவில்லை என்று சண்டை போடுகிறார்கள். சரக்கு இறக்கிய மாடியிலேயே நிரம்பிய தொட்டி தயாராக நின்றால், அதே ட்ரிப்பில் அது இறங்கும். இதற்கு லிஃப்ட் ஓட்டுபவர் கையில் ஒரு சின்னக் கரும்பலகை போதும். காலையில் எந்த மணிக்கு எந்த மாடிக்குச் சரக்கு என்று அதில் எழுதிவிட்டால் ரப்பிஷ் ஆட்கள் அந்த மாடியில் தொட்டியைத் தயாராக வைத்திருப்பார்கள். சரக்கு லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். தொட்டியோடு ஒருவர் நைசாக ஏறிக்கொள்வது எனக்குத் தெரியாததா, அதனால் சொல்லிவிட்டேன்.

இதையும் செய்து பார்த்து லிஃப்ட் போதவில்லை என்றால், குப்பைக் குழாய் போடுங்கள். ஐந்து மாடிக்கு அது நன்றாகவே பொருந்தும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள, கீழே குறுகும் பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் அமைப்பு அது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாய் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் வழியாக வெறுமனே வீசுவது ஒரு மாடி உயரமானாலும் எனக்கு ஒப்பாது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதியோ 20 அடிக்கு மேலிருந்து கட்டடத்துக்கு வெளியே எதையாவது போடுவதானால் மூடிய குழாய் கட்டாயம் என்கிறது.

குழாயை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் தொல்லை அடைப்பு. நீளமான மரத்துண்டு, வளைந்த கம்பி, சிமென்ட் சாக்கு, ஈரச் சாந்து, இந்த நான்கில் ஒன்றுதான் அடைக்கும். குழாய்க்கு ரப்பிஷ் மட்டும்தான், அதுவும் வாயின் அகலத்தில் பாதிக்கு மேல் பெரிய துண்டு கூடாது. கம்பியும் மரமும் லிஃப்டில் வரட்டும். நான் பார்த்த ஒரு சைட்டில் கீழே தொட்டி நிரம்பி வழிந்தது மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. அவர் கொட்டிக்கொண்டே இருந்தார். குழாய்க்குள் ரப்பிஷ் இரண்டாம் மாடி வரை நின்றுபோய், ஒரு சங்கிலி அறுந்தது. அந்த நேரம் கீழே ஆள் இல்லாதது யாரோ செய்த புண்ணியம். கணக்குப் போட்டால் பயம் புரியும்: சராசரியாக 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 10 மீட்டர் உயரத்துக்கு ரப்பிஷ் நின்றால் 2 டன் அந்தச் சங்கிலியிலும் சாரத்திலும் தொங்குகிறது. அதனால் கீழே ஒருவர், மேலே ஒருவர், நடுவில் ஒரு விசில் அல்லது வாக்கி டாக்கி. தொட்டியை மாற்றும்போது எல்லா மாடி வாய்களும் மூடியிருக்க வேண்டும். அடைப்பைக் கீழிருந்து கம்பியால் குத்தி எடுக்க யாரையும் விடாதீர்கள். குழாயைச் சாரத்தில் கட்டுவதாக இருந்தால், அந்தப் பாரத்தைச் சாரம் தாங்குமா என்று சாரம் போட்டவரிடம் கேளுங்கள். வெறும் தலையாட்டலை நம்ப வேண்டாம், எழுதி வாங்குங்கள். குழாயின் நுனி தொட்டிக்கு நெருக்கமாக இருக்கட்டும், சுற்றித் தார்ப்பாய் கட்டுங்கள், லேசாகத் தண்ணீர் தெளிக்க ஒரு குழாய் இழுத்துவிடுங்கள்.

டிப்பர் அரை நாள் நிற்பது பற்றி. தரையிலிருந்து சட்டியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, வண்டியின் பக்கப் பலகையைத் தாண்டி எறிகிறீர்கள். நாள் முழுக்க நடக்கும் வேலையில் மிகக் கடினமான தூக்கு இதுதான், அதையும் ஆட்கள் களைத்துப்போன பிறகு செய்யச் சொல்கிறீர்கள். வாடகைக்குக் கழற்றி வைக்கும் தொட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். வண்டி தொட்டியை வைத்துவிட்டுப் போகும், நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போகும். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். லிஃப்டிலிருந்து இறங்கும் சக்கரத் தொட்டி ஒரு சாய்வு மேடையில் ஏறி நேரே அதற்குள் கொட்டினால், தரையில் மூலைக் குவியல் என்ற ஒன்றே இருக்காது.

அப்படிப்பட்ட தொட்டி கிடைக்காது, டிப்பர் மட்டும்தான் என்றால், அப்போதுதான் லோடர் பேச்சுக்கு அர்த்தம் வருகிறது. அதுவும் தரைமட்டத்தில், டிப்பர் வரும் நேரத்துக்கு மட்டும், வாடகைக்கு. வாங்கினால் ஒரு மணி நேர வேலைக்கு நாள் முழுக்க அது நிழலில் நிற்கும். மாடியில் ஏற்றி ஓட்டலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஆள் உட்கார்ந்து ஓட்டும் சிறு லோடர்கள் பெரும்பாலும் 2 முதல் 3 டன் எடை. சதுர மீட்டருக்கு 200 கிலோ தளத்தில் அது ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

வண்டி நிரம்பும் விதத்தையும் கவனியுங்கள். கான்கிரீட், செங்கல் ஏற்றினால் இடம் பாதி காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பைப் துண்டு ஏற்றினால் எடையே இருக்காது, இடம் நிரம்பிவிடும். பின்னதில் நீங்கள் காற்றுக்கு வாடகை கொடுக்கிறீர்கள். பெட்டிகளைத் தட்டையாக மடிக்கவும், பைப்புகளை ஒரே நீளத்துக்கு வெட்டிக் கட்டவும் ஒரு ஆளுக்குத் தினம் அரைமணி நேரம் கொடுங்கள். வண்டியின் விளிம்புக்கு மேல் கும்பாச்சியாகக் கூடாது, தார்ப்பாய் கட்டாமல் வெளியே விடக் கூடாது.

இதிலிருந்தே பிரித்துப் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைச் சுற்றுச்சூழல் உபதேசம் என்று தள்ளிவிடுகிறார்கள். சுத்தமான செங்கல், கான்கிரீட் துண்டுகளை நொறுக்கினால் தளத்துக்கு அடியில் நிரப்பவும், பாதைக்கு அடித்தளம் போடவும் ஆகும். அதே லோடில் ஜிப்சம் பலகை கலந்தால் போச்சு. அதிலுள்ள சல்ஃபேட் பிறகு கான்கிரீட்டை அரிக்கும், எடுப்பவர் எடுக்க மாட்டார். ஜிப்சம் ஈரக் குப்பையோடு மண்ணில் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயுவும் வரும். ஆகவே உங்கள் சைட்டுக்கு நான்கு பிரிவு போதும்: கல் வகை, உலோகம், மரம், மற்றதெல்லாம். அதற்கு மேல் ஆறு, ஏழு என்று பிரித்தால் மூன்றாம் நாளே எல்லாம் ஒன்றாகிவிடும், பார்த்திருக்கிறேன். தொட்டியில் எழுதி ஒட்டுவதை விட, அந்தந்தத் தொட்டியின் முகப்பில் ஒரு கம்பித் துண்டு, ஒரு செங்கல் பாதி, ஒரு மரச்சட்டம் என்று கட்டித் தொங்கவிடுங்கள். எந்த மொழி பேசும் ஆளுக்கும் அது புரியும். கம்பி, செம்பு, அலுமினியம் தனியாகச் சேர்ந்தால் விற்று வரும் காசு லாரி வாடகையில் கொஞ்சத்தையாவது திருப்பித் தரும்.

புதுச் சுவர் எழும்பும் பக்கம் வேறு கதை. அங்கே ரப்பிஷ் இடிப்பதால் வருவதில்லை, நாமே தயாரிக்கிறோம். கொத்தனார் சுவர் கட்டி, பூச்சும் பூசி முடித்த மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து ஒயர் பைப்புக்காகச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிறார். பின்னாலேயே பிளம்பர். அழகான பூச்சு சட்டி சட்டியாகக் கீழே போகிறது, அதை மறுபடி அடைக்க ஒருவர் வருகிறார். பைப் போகும் வழியைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, காடி வேலை முடிந்த பிறகுதான் பூச்சு என்று ஒரு வரிசை வைத்தால் இந்தக் கூத்து குறையும். பூசும்போது சுவரடியில் தார்ப்பாய் விரித்தால் விழும் சாந்தை இறுகுவதற்கு முன் அள்ளிப் பயன்படுத்தலாம். சிமென்ட் சாந்தைத் தண்ணீர் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் கலக்கச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது பாதிச் சட்டி மிஞ்சினால் அது ரப்பிஷ் கணக்கில்தான் சேரும். டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் அடுக்கிப் பார்த்தால் எந்த ஓரத்தில் வெட்டு வரும் என்று தெரியும். ஒரு டைல்ஸில் வெட்டிய மீதி இன்னொரு ஓரத்துக்கு ஆகும்.

கடைசியாக, யார் அள்ளுவது. உங்கள் எட்டுப் பேர் கொண்ட குழு எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அள்ள ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாரும் காலடியில் போட்டுவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் அந்தந்த வேலைக்காரரே கீழே இறக்கட்டும் என்று விட்டாலும் சரிவராது. நல்ல கூலி வாங்கும் டைல்ஸ்காரர் லிஃப்ட் வாசலில் வரிசையில் நிற்பார். நான் வைக்கும் கோடு இது: வேலை செய்யும் குழு தன் ரப்பிஷைத் தன் மாடித் தொட்டியில் போட்டுவிட வேண்டும், அன்றைக்கே. தொட்டியிலிருந்து வண்டி வரை ரப்பிஷ் குழுவின் பொறுப்பு. கூலி போடுவதற்காக முடிந்த வேலையை நீங்கள் மாடி மாடியாக அளவெடுக்கப் போகும்போது தரை பெருக்கியிருந்தால் மட்டும் அளவு எடுங்கள். இரண்டு முறை எடுக்காமல் திரும்பி வந்தீர்கள் என்றால், மூன்றாம் முறை தரை பளிச்சென்று இருக்கும். பிறகு எட்டுப் பேரில் மூன்று பேரை வேறு வேலைக்கு அனுப்ப முடியும் என்பது என் கணிப்பு. ஆனால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடாதீர்கள், மூன்றாம் மாடி காலியாகட்டும்.

பெருக்குவது என்றதும் ஒன்று. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க விடாதீர்கள். செங்கல், கான்கிரீட், டைல்ஸ் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அந்தத் துகள் நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அமெரிக்க விதியில் எட்டு மணி நேரச் சராசரிக்கு அனுமதித்த அளவே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம்தான். சற்றே ஈரப்படுத்திவிட்டு அள்ளுங்கள், சேறாகும்படி ஊற்ற வேண்டாம், எடையும் கூடும், குழாயும் அடைக்கும். ஆட்களுக்குத் துண்டு கட்டுவது போதாது, நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பழைய கட்டடம் என்பதால் கூரையிலோ பைப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் கண்ணில் பட்டால், அல்லது அதுவோ என்று சந்தேகம் வந்தால்கூட, உடைக்காமல் வேலையை நிறுத்திவிட்டு அதற்கென்று உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். உங்கள் தொட்டி, குழாய் எதற்குள்ளும் அது போகக் கூடாது.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். மினி லோடர் வேண்டாம் என்று போய் நிற்காதீர்கள். ஒரு நாள் அந்தத் துண்டு டைல்ஸைப் பின்தொடர்ந்து எழுதிய நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். எந்த மணிக்கு யார் அள்ளினார், எங்கே கொட்டினார், எவ்வளவு நேரம் கிடந்தது, அவ்வளவும் அதில் இருக்கட்டும். மேஸ்திரியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். துண்டுக்கு மட்டும் அழியாத பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் என் நீலத் துண்டைத் தொலைத்து, இன்னொரு நீலத் துண்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.